737-800: ரொட்டேஷனில் (மூக்கைத் தூக்கும்போது) வால் தட்டுகிறது, என்ன தவறு?

மாலைக்காற்று:
வீட்டு விமான சிமுலேட்டரில் போயிங் 737-800. எடை 76 டன், ஃபிளாப்ஸ் (இறக்கை மடிப்புகள்) 1-ம் நிலை. வி-ஆர் (மூக்கைத் தூக்க வேண்டிய வேகம்) வந்ததும் ஜாய்ஸ்டிக்கை இழுத்து, திரையில் பறக்க வேண்டிய கோணத்தைக் காட்டும் ஃபிளைட் டைரக்டர் கோட்டுக்கு மூக்கைக் கொண்டுபோகிறேன். சக்கரம் மேலெழும்பும் முன்பே வால் தட்டுகிறது. மெதுவாக இழுத்தால் ரன்வே போதவில்லை. எவ்வளவு இழுக்க வேண்டும்?

தென்வானம்:
ஃபிளைட் டைரக்டரைத் துரத்துவதுதான் சிக்கல். ஓட்டத்தில் 60 நாட் தாண்டியதும் அந்தக் கோடு 15 டிகிரிக்கு ஏறி நின்றுவிடும். அது தரையை விட்ட பிறகு பிடிக்க வேண்டிய கோணம். சக்கரம் ரன்வேயில் இருக்கும்போது 737-800-க்கு 11 டிகிரியிலேயே வால் தட்டும். கோட்டை எட்டிப் பிடிக்கப் போனால் நடுவில் 11 வந்தே தீரும்.

வி-ஆர் வரை கண் ரன்வேயின் கடைக்கோடியில் இருக்கட்டும். வி-ஆரில் ஒரே சீராக இழுங்கள்: நொடிக்கு 2 முதல் 2.5 டிகிரி. மூன்று நான்கு நொடியில், சுமார் 8 டிகிரியில் விமானம் தானாகவே எழும்பும். அங்கே நிறுத்தாதீர்கள், அதே வேகத்தில் 15 வரை போங்கள். மேலெழும்பிய பிறகு ஃபிளைட் டைரக்டரைப் பாருங்கள்.

மெதுவாக இழுத்தால் ரன்வே போதாமல் போவதும் இயல்பே. நொடிக்கு 1 டிகிரி என்றால் எழும்பும் கோணம் வர இரண்டு மடங்கு நேரம், அத்தனை நேரமும் ஓட்டம் தொடரும்.

காற்றாடி:
ஃபிளாப்ஸையும் மாற்றிப் பாருங்கள் சகோ. போயிங் பயிற்சிக் கையேட்டின்படி சரியான ரொட்டேஷனிலேயே ஃபிளாப்ஸ் 1-ல் வாலுக்கும் தரைக்கும் இடைவெளி 33 செ.மீ.தான், ஃபிளாப்ஸ் 5-ல் 51 செ.மீ. வி வேகங்களை (வி-ஆர் போன்ற டேக்-ஆஃப் வேகங்கள்) ஃபிளாப்ஸ் 5-க்குப் புதிதாகக் கணக்கிட மறக்காதீர்கள்.

குறுக்குக் காற்றில் யோக்கை (விமானியின் கைப்பிடிச் சக்கரம்) அதிகம் திருப்பினால் காற்றடிக்கும் பக்கத்து ஸ்பாய்லர்கள் (இறக்கை மேலுள்ள தகடுகள்) எழும். தூக்குவிசை குறையும், வால் இன்னும் தாழும்.

மாலைக்காற்று:
காற்று இல்லை அண்ணா. ட்ரிம் (மூக்கைச் சமன்செய்யும் வால் அமைப்பு) டேக்-ஆஃபுக்கு உரிய பச்சைப் பட்டைக்குள்தான் இருக்கிறது. நொடிக்கு 2 டிகிரி என்று நினைத்து இழுத்தாலும் மூக்கு திடீரென்று துள்ளுகிறது.

தென்வானம்:
பட்டைக்குள் இருந்தால் மட்டும் போதாது. எஃப்.எம்.சி. (விமானத்தின் கணினி) டேக்-ஆஃப் பக்கத்தில் புவியீர்ப்பு மையத்துக்கு ஏற்ற ட்ரிம் எண் வரும், அதையே வையுங்கள். மூக்கு மேல் பக்கம் ட்ரிம் கூடினால் லேசாக இழுத்தாலே துள்ளும். அதுவும் சரியென்றால் ஜாய்ஸ்டிக்தான் காரணம். அதன் அசைவு தூரம் குறைவு, நிஜ விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டைப் போல எதிர்விசையும் இல்லை. பிட்ச் அச்சில் சென்சிடிவிட்டி வளைவை நடுப்பகுதியில் தட்டையாக்குங்கள்.

எடையையும் ஒருமுறை சரிபாருங்கள். 2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் ஒரு ஏர்பஸ் ஏ340-500-க்கு 362.9 டன்னுக்குப் பதில் 262.9 என்று கணக்கில் போய்விட்டது. உந்துவிசையும் வி வேகங்களும் குறைவாக வந்தன. வால் ரன்வேயில் உராய்ந்தது, விமானம் ரன்வேயைத் தாண்டித்தான் எழும்பியது. எடை தவறானால் கை எவ்வளவு பக்குவமாக இழுத்தாலும் வால் தட்டும்.

காற்றாடி:
தட்டிவிட்டால் அப்படியே பயண உயரத்துக்கு ஏறாதீர்கள். பிரஷரைசேஷனை (கேபின் அழுத்தக் கட்டுப்பாடு) மேனுவலில் போட்டு, கேபின் காற்றை வெளியேற்றும் அவுட்ஃப்ளோ வால்வைத் திறங்கள், அருகில் இறங்கத் தகுந்த விமான நிலையத்துக்குத் திரும்புங்கள். பின்பக்க உடற்பகுதி அடிபட்டிருந்தால் கேபின் அழுத்தத்தை அது தாங்காது.