இடது சிறுநீரகம் மட்டும் ஏன் எனக்கு மாட்டவே மாட்டேன் என்கிறது?

புதுக்கை:
வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பழக ஆரம்பித்து மூன்று வாரம். கல்லீரல், பித்தப்பை, வலது சிறுநீரகம் எல்லாம் ஒரு மாதிரி வந்துவிடுகின்றன. இடது பக்கம் போனால்தான் வினை. விலா எலும்பின் நிழல் பாதி, குடல் காற்று மீதி என்று திரையே மறைந்துவிடும், நானும் ப்ரோபை (உடலில் வைத்துப் பார்க்கும் கைக்கருவி) இழுத்துக்கொண்டே இருப்பேன். சீனியர் வந்து வைத்தால் இரண்டே நொடியில் முழுசாக நிற்கிறது. எங்கே தப்பு? கணையத்தைப் பற்றிக் கேட்கவே பயமாக இருக்கிறது.

இருட்டறைவாசி:
வலது பக்கம் ஒலி தடையில்லாமல் உள்ளே போகக் கல்லீரல் ஜன்னல் மாதிரி உதவுகிறது. இடது பக்கம் அந்த வேலைக்கு மண்ணீரல்தான், அது சின்னது, முதுகுப்பக்கம் தள்ளி வேறு இருக்கிறது. நீங்கள் முன்பக்கமாகவே தேடுகிறீர்கள் போல, அங்கே இரைப்பையும் குடலும்தான் கிடைக்கும். கையை நன்றாகப் பின்னால் கொண்டுபோங்கள், விரல் முட்டி படுக்கையில் இடிக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், விலா இடைவெளி விரியும். மண்ணீரல் பார்க்கும்போது முழு மூச்சு இழுக்கச் சொன்னால் நுரையீரல் இறங்கி மறைத்துவிடும், பாதி மூச்சு போதும்.

ஜெல்பாட்டில்:
'இழுத்துக்கொண்டே' என்கிறீர்களே, அதுதான் கோளாறு. நகர்த்துவது, சாய்ப்பது, திருப்புவது மூன்றும் வேறு வேறு. ஒரு நேரத்தில் ஒன்றுதான். ப்ரோபைக் கீழே தாழ்த்திப் பிடித்து, சுண்டுவிரலை நோயாளியின் தோலில் ஊன்றிக்கொண்டால் கை வழுக்காது. கெயினையும் (திரைப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) கவனியுங்கள், நான் முதல் மாதம் அதைக் கூட்டிக் கூட்டி வந்தவர் எல்லோருக்கும் கொழுப்புக் கல்லீரல் வரவழைத்தவன்.

இருட்டறைவாசி:
கணையத்தை நேராகத் தேடாதீர்கள், ரத்தக்குழாயைத் தேடுங்கள். மார்பெலும்பு நுனிக்குக் கீழே ப்ரோபைக் குறுக்காக வைத்து, கல்லீரலின் இடது மடல் வழியாகப் பார்த்தால் மண்ணீரல் சிரை வளைந்து கறுப்பாக ஓடும். அதன் மேல் ஒட்டிக் கிடப்பதுதான் கணையம். காற்று மறைத்தால், அவர் மூச்சு விட விட மெதுவாக அழுத்துங்கள், வெடுக்கென்று குத்தினால் வயிற்றை இறுக்கிக்கொள்வார். தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்காரவைத்தும் பார்க்கலாம், அதற்கு முன் பித்தப்பையை முடித்துவிடுங்கள்.

புதுக்கை:
இன்று விரல் முட்டி படுக்கையில் இடித்தது, இடது சிறுநீரகம் கிடைத்துவிட்டது! ஆனால் மேல் முனைதான் தெளிவு, கீழ் முனை காற்றில் மறைகிறது. நீளம் எப்படி எடுப்பது?

ஜெல்பாட்டில்:
பாதி தெரிவதை அளக்காதீர்கள். பெரியவர்களுக்கு 9 முதல் 12 செ.மீ. வர வேண்டியது 7 என்று காட்டி வீண் பயம் கிளப்பும். முதுகுப்பக்கம் இன்னும் ஒரு விரல் தள்ளி வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.