குடும்பமாகச் சேரும் டென்னிஸ், உடற்பயிற்சி மன்றம்: மதுரை உறுப்பினர்களின் அனுபவம் தேவை

அண்ணா நகர் வாசகி

வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு ஒன்பது, மாமியாருக்கு அறுபத்தேழு. என் கணவர் கல்லூரிக் காலத்தில் டென்னிஸ் ஆடியவர். நான் ரேஸ்கோர்ஸில் காலை நடை போவதோடு சரி. சுற்றுச்சாலைப் பக்கம் இரண்டு டென்னிஸ் ஆடுகளங்களும் உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல்குளமும் உள்ள ஒரு மன்றத்தில் குடும்பச் சந்தாவைப் பற்றி விசாரித்தோம். ஆண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் கேட்கிறார்கள். மாதச் சம்பளத்தில் வாழும் எங்களுக்கு அது யோசித்துக் கொடுக்க வேண்டிய தொகை.

இதுபோன்ற மன்றங்களில் சில ஆண்டுகளாக உறுப்பினராக இருப்பவர்கள் தெரிவிக்க வேண்டும்: குடும்பமாகப் போய்வருவது நடைமுறையில் நீடிக்கிறதா, அல்லது கோடை விடுமுறை முடிந்ததும் உறுப்பினர் அட்டை மட்டும் மிஞ்சுகிறதா? பணம் கட்டுவதற்கு முன் எவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்?

கே.கே. நகர் உறுப்பினர்

அம்மா, நாங்கள் வேறொரு மன்றத்தில் பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு உறுப்பினர்களாக இருக்கிறோம். கருவிகள் புதியவையா, கூடத்தில் குளிர்சாதனம் உண்டா என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்; முதலில் ஆடுகளத்தின் நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். காலை ஒன்பது மணிக்கு மேல் மாலை ஐந்து வரை சிமெண்டுத் தளத்தில் நின்று ஆட முடியாது. நாள் முழுவதும் திறந்திருக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், உண்மையில் ஆடக்கூடிய நேரம் காலையில் மூன்று மணி நேரமும் மாலை, இரவில் நான்கு மணி நேரமும்தான். பிள்ளைகளுக்கான பயிற்சி வகுப்புகளும் அந்த நேரத்தில்தான் நடக்கும், மன்றத்துக்கு நல்ல வருமானம் தருபவையும் அவைதான். இரண்டு ஆடுகளங்களையும் பயிற்சியாளரே எடுத்துக்கொண்டால், சந்தா கட்டிய தாயும் தந்தையும் கம்பிவலைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளை ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நான் பார்த்த வரையில், குடும்பங்கள் மன்றத்தை விட்டு விலகுவதற்குக் கட்டணத்தைவிட இதுவே பெரிய காரணம்.

எங்கள் மன்றத்தில் மூத்த உறுப்பினர்கள் நிர்வாகத்திடம் பேசி, மாலையில் ஓர் ஆடுகளம் எப்போதும் உறுப்பினர்களுக்கே என்று எழுத்தில் பெற்றார்கள். அதன் பிறகுதான் என் மனைவி மட்டை பிடிக்கக் கற்றார். மகன் வகுப்பில் இருக்கும் அதே நேரத்தில் நாங்கள் பக்கத்து ஆடுகளத்தில் மற்றொரு தம்பதியோடு இரட்டையர் ஆட்டம் ஆடுகிறோம். எல்லோரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப முடிகிற வீட்டார்தான் தொடர்ந்து வருகிறார்கள். ஆளுக்கொரு நேரமென்றால், வண்டி ஓட்டுபவர் சலித்துப்போவார்.

இருட்டிய பிறகும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆடுகளத்தின் பின்மூலைகளில் பந்து தெளிவாகத் தெரிகிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஆடுகள விளக்குகளுக்கும் வேலை செய்யுமா என்று கேளுங்கள்.

திருநகர் தந்தை

மேலே சொன்னவரின் கருத்தை வழிமொழிகிறேன். பிள்ளைகளின் பயிற்சியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வகுப்பு நடக்கும் நேரத்தில் போய், ஒன்பது வயதுப் பிள்ளைகள் எந்த நிறப் பந்தில் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். முழு ஆடுகளம் 23.77 மீட்டர் நீளமுள்ளது. அதில் வழக்கமான மஞ்சள் பந்தைக் கொடுத்தால் அது சிறு பிள்ளையின் தலைக்கு மேல் எழும்பிவிடும். ஆகவே சிவப்புப் பந்தில் 11 மீட்டர் களம், ஆரஞ்சுப் பந்தில் 18 மீட்டர் களம், பிறகு பச்சைப் பந்தில் முழுக் களம் என்று படிப்படியாகப் பழக்குவார்கள். ஆரஞ்சுப் பந்தின் வேகம் மஞ்சள் பந்தின் வேகத்தில் ஏறத்தாழப் பாதிதான். பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் இந்த மெதுவான பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2012 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி. இவை எதுவும் தேவையில்லை, நேராக மஞ்சள் பந்திலேயே தொடங்கிவிடலாம் என்று பெருமையாகச் சொல்லும் பயிற்சியாளரிடம் நான் என் பிள்ளையை விடமாட்டேன். தோளும் முழங்கையும் கெட்டுப்போகும். மட்டையும் அப்படித்தான். பெரியவர்களின் மட்டை 27 அங்குலம்; உங்கள் மகனுக்கு உயரத்தைப் பார்த்து 23 அல்லது 25 அங்குலம் வாங்குங்கள்.

உங்கள் கணவர் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஆடப்போகிறார் என்றால் தளத்தையும் கவனியுங்கள். சிமெண்டுத் தளம் முழங்காலுக்குக் கடினம். மண் தளம் மென்மையானது, ஆனால் நாள்தோறும் தண்ணீர் தெளித்து உருளை ஓட்ட ஆள் வேண்டும். ஆள் இல்லாத மன்றத்தில் மண் தளம் விரைவில் மேடும் பள்ளமுமாகிவிடும்.

பசுமலை மருமகள்

சகோதரி, உங்கள் மாமியாரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். குடும்பச் சந்தாவில் வீட்டுப் பெரியவரின் பெயர் இருக்கும், அவர் ஒரு நாளும் போகமாட்டார். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. இது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் உடற்பயிற்சிக் கூடம் எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. கீழே விழுவதைத் தடுப்பதே அதன் முக்கிய நோக்கம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும், தொடையின் முன்புறத் தசை வலுப்பெற்றால் வலி குறைகிறது.

என் அத்தைக்கு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினோம். பெண் பயிற்றுநர் இருந்தார், முற்பகலில் கூட்டமும் இல்லை, ஆகவே கூச்சமின்றிப் போனார். முதுகுச் சாய்வுள்ள சைக்கிளும் ரப்பர் பட்டையும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. சேலையோடு டிரெட்மில்லில் ஏறவே கூடாது. சுடிதாருக்கு மாற அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன, வற்புறுத்தவில்லை. இப்போது நாங்கள் மறந்தாலும் அவரே பையை எடுத்து வைத்துவிடுகிறார்.

வில்லாபுரம் வாசகர்

நான் முன்பு சேர்ந்திருந்த ஓரிடத்தில், தண்ணீர்த் தட்டுப்பாடு என்று கோடை முழுவதும் குளத்தை மூடிவிட்டார்கள். முழு ஆண்டுக்கும் பணம் வாங்கியிருந்தும் ஒரு பகுதியைக்கூடத் திருப்பித் தரவில்லை. குளத்தைப் பற்றி ரசீதில் எதுவும் இல்லை என்று கைவிரித்தார்கள். ஆகவே என்னென்ன வசதிகள், எந்த நேரங்களில், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைக் கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் பிரச்சினை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம்.

அண்ணா நகர் வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. உங்கள் பதில்களைப் படித்துவிட்டு அங்கே மீண்டும் கேட்டேன். வார நாள்களில் மாலை ஏழு மணி வரை இரண்டு ஆடுகளங்களிலும் வகுப்புதான் என்று ஒப்புக்கொண்டார்கள். சனி, ஞாயிறு காலையில் ஒன்று காலியாக இருக்குமாம். விடாமல் கேட்டபோது மூன்று மாதச் சந்தாவும் உண்டு என்றார்கள். வார இறுதி மட்டும் போதுமா? ஏப்ரலிலேயே சேர்ந்துவிடலாமா?

கே.கே. நகர் உறுப்பினர்

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பதே பரிந்துரை. வார இறுதி ஆட்டமும் உங்கள் காலை நடையும் சேர்ந்தால் உங்கள் இருவருக்கும் கணக்கு சரியாகும். பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் வேண்டும் என்பதால், அவர்களை வார நாள் வகுப்பில் சேர்த்து, அதே நேரத்தில் நீங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போங்கள். மாமியாரும் அப்போது உடன் வரலாம், மாலையில் பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். மூன்று மாதச் சந்தாவை ஜூனில் எடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயிற்சி முகாம்களின் கூட்டத்தில் எந்த மன்றமும் இயல்பாக இருக்காது. பள்ளி திறந்த பிறகு நடக்கும் அட்டவணைதான் ஆண்டு முழுவதும் உங்களுக்குக் கிடைக்கப்போவது.