குழுவின் பெயர் இன்னும் 'வளைகாப்பு வேலை'தான்

செவ்வாய், பதினெட்டாம் நாள்

அதிகாலை 3:08
நான்: யாராவது விழித்திருக்கிறீர்களா?

நான்: கையில் கயிறு இல்லை. இரண்டு பேர் கையிலும் இல்லை.

3:10
அக்கா (தூத்துக்குடி): இரவுப் பணியில் இருக்கிறேன். என்ன கயிறு?

3:12
நான்: பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவளுக்குக் கறுப்பு. சாயங்காலம் உடம்பு துடைத்துவிடும்போது நனைந்துவிட்டது என்று அம்மா அவிழ்த்து ஜன்னலில் காயப்போட்டிருக்கிறாள். இப்போது ஒருத்தி குடித்துவிட்டுத் தூங்குகிறாள், ஒருத்தி அழுகிறாள். குடித்தது யார், அழுவது யார் என்று தெரியவில்லை.

அக்கா: அழுகிறவளுக்குக் கொடு. பெயர் கேட்டா பால் கொடுப்பார்கள்?

நான்: அதுவல்ல. இரவு பத்து மணிக்கு நான் வைட்டமின் டி சொட்டு மருந்து ஒருத்திக்குக் கொடுத்தேன். இன்னொருத்திக்கு அம்மா கொடுத்ததாகச் சொல்கிறாள். நடுவில் தொட்டில் மாற்றிப் படுக்கவைத்தோம். இரண்டு பேரும் ஒருத்திக்கே கொடுத்துவிட்டோமோ என்று இருக்கிறது.

3:15
அக்கா: ஒரு நாள் ஒரு வேளை கூடிப்போனதற்காகப் பயப்படாதே. விடிந்ததும் டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல், அடுத்த வேளையை அவர் சொல்கிறபடி கொடு. முதலில் ஆளைக் கண்டுபிடி. சின்னவள் முந்நூறு கிராமுக்கு மேல் குறைவு, தூக்கிப் பார்த்தாலே தெரியுமே.

நான்: இந்த நேரத்தில் என் கைக்கு இரண்டும் ஒரே கனம். குனிந்தால் தையல் இழுக்கிறது.

3:19
அப்பா: தராசு எடுத்து வருகிறேன்.

அக்கா: எந்தத் தராசு அப்பா?

அப்பா: கடைத் தராசுதான். போன மாதம் முத்திரை போட்டது. ஐந்து கிராம் ஏறி இறங்கினாலும் காட்டும்.

3:36
அப்பா: [புகைப்படம்]

அப்பா: ஜன்னல் பக்கத் தொட்டில் 2.310. சுவர்ப் பக்கத் தொட்டில் 1.960. விரிப்பின் எடை கழித்தது. சுவர்ப் பக்கம் இருப்பவள்தான் சின்னவள்.

நான்: அப்படியென்றால் குடித்துவிட்டுத் தூங்குவது பெரியவள். முந்தின வேளையும் அவள்தான் குடித்தாள் என்று நினைக்கிறேன். பாவம், சின்னவள் இவ்வளவு நேரம் காத்திருந்திருக்கிறாள்.

அக்கா: கொடுத்துவிட்டுப் படு.

காலை 5:42
பெரியம்மா (கடையம்): பச்சைப் பிள்ளையை எடை போட்டீர்களா? கண் படும். அதுவும் மிளகாய் வத்தல் நிறுத்த தராசில்!

அப்பா: மதினி, வெந்நீரில் மூன்று தடவை துடைத்தேன். மேலே என் புது வேட்டியை நாலாக மடித்து விரித்தேன்.

பெரியப்பா: வத்தல் அன்று, வற்றல்.

பெரியம்மா (கடையம்): ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் சிவப்பு மை தீரவில்லை.

6:10
அக்கா: பணி முடிந்து கிளம்புகிறேன். ஒரு சமாச்சாரம். கயிறு வேண்டவே வேண்டாம். பிள்ளைக்குச் சதை பிடிக்கும்போது இறுகும், நூல் பிரிந்து விரலில் சுற்றும். பெரியவளின் கால் கட்டைவிரல் நகத்தில் மட்டும் ஒரு பொட்டு நகப்பூச்சு வையுங்கள். சின்னவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

அப்பா: உன் அம்மா சொல்லச் சொல்கிறாள்: பதினெட்டு நாள் பிள்ளைக்கு நகப்பூச்சா? ஊர் என்ன சொல்லும்?

அக்கா: ஊர் காலுறையைக் கழற்றிப் பார்க்காது.

புதன்

காலை 9:20
சித்தப்பா (மஸ்கட்): கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி என்று ஓர் ஊர். எந்தத் தெருவுக்குப் போனாலும் இரட்டையர். ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்தும் காரணம் பிடிபடவில்லையாம். நீ அந்தப் பக்கம் போனதுண்டா?

நான்: குற்றாலம் தாண்டிப் போனதில்லை சித்தப்பா.

பெரியம்மா (கடையம்): அப்பவே சொன்னேன், கல்யாண வீட்டில் ஒட்டு வாழைப்பழம் சாப்பிடாதே என்று. கேட்டாளா?

சித்தப்பா (மஸ்கட்): அந்தப் பழத்தில் பாதியைச் சாப்பிட்டவன் நான்.

9:48
அத்தை (விருதுநகர்): அம்மா, பால் போதுகிறதா? இரண்டு பிள்ளைக்கு ஒரு உடம்பு எங்கே தாங்கும்? ஒரு டப்பா மாவுப்பால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் பூண்டும் பால்சுறாக் கருவாடும் கொடுத்துவிடுகிறேன்.

நான்: தெரியவில்லை அத்தை. சின்னவள் அஞ்சு நிமிடம் உறிஞ்சுகிறாள், தூங்கிவிடுகிறாள். மார்பில் கொடுத்த பிறகு பாலாடையிலும் புகட்டுகிறோம்.

10:05
அக்கா: முப்பத்தாறாவது வாரத்தில் பிறந்தவள், உறிஞ்சுவதே அவளுக்கு வேலை. உள்ளங்காலைச் சுண்டி எழுப்பு. பால் போதுமா என்று மார்பைப் பார்த்தால் தெரியாது, துணியைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஆறு ஈரத்துணிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எடை நாளொன்றுக்கு இருபது முப்பது கிராம் ஏறவேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் டப்பா எதற்கு? எடை நின்றுபோனால் டாக்டர் எழுதித் தருவார், அப்போது மாவுப்பால் கொடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. ஊட்ட ஊட்டத்தான் ஊறும். ராத்திரிப் பாலை விட்டுவிடாதே.

அப்பா: [புகைப்படம்]

அப்பா: நேற்றைய சிட்டை. கடையில் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். குடித்தது வரவு, போனது பற்று. பெ. என்றால் பெரியவள். சி. என்றால் சின்னவள்.

நான்: 'சி. 1:40. பாலாடை 35 மில்லி. பற்று ஈரம் 1, மஞ்சள் 1. பாக்கி ஏதுமில்லை.' அப்பா, இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் டாக்டர் சிரிப்பார்.

அக்கா: சிரிக்கமாட்டார். இப்படி எழுதி எடுத்துவரும் வீட்டை நாங்கள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் பார்க்கிறோம். தராசு மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு நாள் கடையில், ஒரு நாள் ஆஸ்பத்திரியில் என்றால் கணக்கு உதைக்கும்.

11:30
பெரியம்மா (கடையம்): வசம்பு சுட்டு உரசி நாக்கில் வைத்தீர்களா? வயிறு உப்பாது. சேனையும் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அக்கா: பெரியம்மா, வாயில் எதுவும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, கிரைப் வாட்டர் ஒன்றும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பாலோடு டாக்டர் எழுதிய மருந்து மட்டும். தேன் ஒரு வயது முடிகிறவரை ஆகாது, அதில் இருக்கும் கிருமி வித்துகளைச் சின்னக் குடல் தாங்காது.

பெரியம்மா (கடையம்): நீங்கள் எல்லாம் சேனை வைத்த வாய்தான்.

சித்தப்பா (மஸ்கட்): சேனை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எனக்கு வைத்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளி, இருபத்தொன்றாம் நாள்

அதிகாலை 2:24
நான்: இன்று துணி இருபத்தெட்டு. அப்பாவின் பழைய வேட்டி எல்லாம் கிழித்தாகிவிட்டது.

நான்: கணக்குப் போட்டுப் பார்த்தேன். பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, துணி மாற்றிப் படுக்கவைக்க ஒருத்திக்கு முக்கால் மணி. இரண்டு பேருக்கு ஒன்றரை மணி. மூன்று மணிக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். மிச்சம் ஒன்றரை மணி. அதில் பால் பீய்ச்சி வைக்க அரை மணி, பாலாடை கொதிக்கவைக்க, நான் சாப்பிட, குளியலறை போக. தூக்கம் எந்தப் பக்கத்தில் வருகிறது அப்பா? வரவிலா, பற்றிலா?

நான்: மதியம் வந்தவர்கள் பதினொரு பேர். மூக்கு யார் மாதிரி என்று அரை மணி நேரம் பேசினார்கள். காபி போட்டது அம்மா, டம்ளர் கழுவியதும் அம்மா.

2:31
நான்: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

2:33
அக்கா: நீ அழிப்பதற்குள் படித்துவிட்டேன். திரும்ப எழுது.

2:36
நான்: பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள் என்று விட்டுப்போன பிள்ளைகள் மாதிரி இருக்கிறது. அவர்கள் வந்து கூட்டிப்போய்விடுவார்கள் என்று காத்திருக்கிறேன்.

2:37
அக்கா: உன்னையோ பிள்ளைகளையோ ஏதாவது செய்துவிடலாம் என்று நினைப்பு வருகிறதா? நேராகச் சொல்.

நான்: இல்லை. தூங்கத்தான் நினைப்பு வருகிறது.

அக்கா: சரி. பேறு முடிந்த முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வரும், தானாகத் தணியும். உனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. தணியவில்லை என்றால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. திங்கள் எனக்கு விடுப்பு. உன்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். பிள்ளைகளுக்காகப் போகவில்லை, உனக்காகப் போகிறோம். நடுவில் தாங்கவில்லை என்றாலோ, வேறு மாதிரி நினைப்பு வந்தாலோ உடனே என்னைக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் 14416. அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

2:51
அத்தை (விருதுநகர்): நானும் படித்தேன் அம்மா.

அத்தை (விருதுநகர்): இவன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தூளியில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்திருந்தேன். அழுகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவர் ஏறிக் குதித்து வந்து தூக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை, புண்ணியவதி.

2:58
அவர்: அம்மா, என்னிடம்கூட நீங்கள் சொன்னதில்லையே.

அத்தை (விருதுநகர்): நீ விழித்துத்தான் இருக்கிறாயா? டிக்கெட் எடுத்தாயா?

அவர்: நெல்லை எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியல் 14.

அத்தை (விருதுநகர்): பஸ் ஓடுகிறது.

3:04
அத்தை (விருதுநகர்): விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். பூண்டு, கருவாடு ஒன்றும் கொண்டுவரவில்லை. ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை என்னிடம் விடு. பீய்ச்சி வைத்தால் பாலாடையில் நான் புகட்டுகிறேன். எத்தனை மணி நேரம் வெளியில் வைக்கலாம்?

அக்கா: நம் ஊர்ச் சூட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் அத்தை. மூடி வையுங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வையுங்கள், கொடுக்கும்போது பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்தி வையுங்கள். அடுப்பில் வைக்கக் கூடாது.

6:15
மதினி: இப்போதுதான் பார்த்தேன். துணியை என் வீட்டுக்கு அனுப்புங்கள், வாஷிங் மெஷின் சும்மாதான் நிற்கிறது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. பால்காரப் பையன் சைக்கிளில் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்பா: மாலை நாலு மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று கடையில் எழுதி மாட்டிவிட்டேன். மூக்கு பார்க்க வருகிறவர்கள் கடையிலேயே போட்டோ பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு

முற்பகல் 11:05
அம்மா: [குரல் செய்தி, 0:52]

பெரியப்பா: சமையலறைச் சத்தம்தான் கேட்கிறது. யாராவது எழுத்தில் தாருங்கள்.

நான்: மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், நெஞ்சில் சின்னவளைக் கட்டிவிட்டிருக்கிறது, பார்க்கவே கூச்சமாக இருக்கிறது, இது என்ன முறை என்று கேட்கிறாள்.

அக்கா: கங்காரு முறை. தோலோடு தோல் பட்டால் எடை குறைந்த பிள்ளைக்குச் சூடு இறங்காது. 1978இல் கொலம்பியாவில், பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. இன்குபேட்டர் போதவில்லை, தாய்மார்களின் நெஞ்சிலேயே கட்டிவிட்டார்கள். அப்பாமார் நெஞ்சும் ஆகும். அவர் இன்னும் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கட்டும்.

அவர்: கால் மரத்துவிட்டது. ஆனால் தூங்குகிறாள். நெஞ்சு முடியைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

அவர்: இன்னொருத்தியையும் கொண்டுவாருங்கள்.

பெரியம்மா (கடையம்): காலம்.

திங்கள், இருபத்துநாலாம் நாள்

காலை 6:02
நான்: மணி ஆறா? என்னை ஏன் யாரும் எழுப்பவில்லை? மார்பு கல்லாக இருக்கிறது.

அத்தை (விருதுநகர்): இரண்டு மணிக்குத்தான் எழுப்பிக் குடுத்தாய் அம்மா, நினைவில்லையா? உட்கார்ந்தபடியே தூங்கினாய். நான்தான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். அஞ்சு மணிக்கு இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள், நீயும் தூங்கினாய், விட்டுவிட்டேன். பெரியவள் இப்போது நெளிகிறாள். வா.

6:04
நான்: வருகிறேன். நகப்பூச்சு இருக்கிறதா பாருங்கள்.

அத்தை (விருதுநகர்): பார்க்க வேண்டாம். சின்னவள் அழும்போது இடது புருவம் ஏறும். பெரியவளுக்கு ஏறாது.

நான்: எனக்குத் தெரியாதே.

அத்தை (விருதுநகர்): பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை வேறு என்ன பார்ப்பது?

6:20
அப்பா: சிட்டை பார்த்தேன். 'சி. 12:50. 40 மில்லி' என்று புதுக் கையெழுத்தில் பற்றுப் பக்கம் விழுந்திருக்கிறது. யார்?

அத்தை (விருதுநகர்): நான்தான் சம்பந்தி. இருட்டில் பக்கம் தெரியவில்லை.

அப்பா: அடித்து வரவில் ஏற்றிவிட்டேன். சின்னவள் இன்று 2.070. தராசைக் கடைக்கு எடுத்துப்போகிறேன், ஏழு மணிக்கு அரிசி வாங்க ஆள் வரும்.