உலர் ஊசியா, வெற்றூசியா?

மருந்தில்லாத மெல்லிய ஊசியை இறுகின தசை முடிச்சில் செருகி வலியைத் தணிப்பதை ஆங்கிலத்தில் "dry needling" என்கிறார்கள். நம் கலைச்சொல் தொகுப்புக்கு அதற்கொரு தமிழ்ப் பெயர் வேண்டும். நான் சொன்னது "வெற்றூசி", அதாவது மருந்தில்லாத வெறும் ஊசி. வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாய்ப் பதில் சொல்கிறேன்.

> "உலர் ஊசி" என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு அதுதான் நேர்.

அக்கா, நேர்தான். ஆனால் எங்கட பக்கம் எடுபடாது. மட்டக்களப்பில் "உலர்" என்றால் உலர் வலயம். விட்டால் வெள்ளத்துக்கும் சுனாமிக்கும் வந்த உலர் உணவு நிவாரணம். நோயாளியிடம் "உலர் ஊசி" என்றால் "அப்ப மற்ற ஊசியெல்லாம் ஈரமா?" என்பார்.

அந்த அடைமொழி வந்த வழியைப் பாருங்கள். இறுகிப்போன தசை முடிச்சுக்குள் விறைப்பு மருந்தை ஏற்றித்தான் முன்பு வலியைத் தணித்தார்கள். மருந்து இல்லாமல் ஊசி மட்டுமே குத்தினாலும் வலி குறைகிறது என்று செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் எழுதினார். மருந்து இல்லை என்பதைத்தான் ஆங்கிலத்தில் "உலர்" ஆக்கினார்கள்.

"மருந்தில் ஊசி" வேண்டாம், மருந்துக்குள் ஊசி என்றும் படிக்கலாம். "குத்தூசி" ஏற்கெனவே அக்குபங்சருக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் அதே மெல்லிய ஊசிதான், எங்கே ஏன் குத்துவது என்ற கணக்கு வேறு. "தசையூசி" என்றால் தசைக்குள் மருந்து போடுவது.

> வெற்றூசி என்றால் வெறும் சிறிஞ்சால் காற்றை ஏற்றுவது போல இருக்கே!

தம்பி, பயம் நியாயம். ஆனால் அது பெயரால் வந்ததில்லை, வினையால் வந்தது. நாங்கள் தடுப்பூசி "ஏற்றுகிறோம்". இங்கே ஏற்ற ஒன்றுமில்லை, செருகத்தான் முடியும். மருதமுனையில் தறியில் இருந்து இருந்து தோள் இறுகின ஒரு அம்மாவுக்கு இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல்களால் தசையைக் கவ்விப் பிடித்து, முடிச்சைத் தேடி, ஊசியைச் செருகினார். தூண்டிலில் மீன் கொத்தினது போல் தசை ஒருதரம் வெட்டித் துடித்தது. கூட வந்த மகள், "மருந்து எப்ப ஏத்துவீங்க?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். ஆகவே என் ஓட்டு "வெற்றூசிச் செருகல்".

> பைப்ரோமயால்ஜியாவுக்கும் (உடம்பெல்லாம் நாள்பட வலிக்கும் நோய்) செய்வதால் "உளைவூசி" எப்படி?

உளைவு அருமையான சொல். "உடம்பெல்லாம் உளையுது" என்று நம் பெண்கள் சொல்வதை விட அந்த நோயை யார் சரியாகச் சொன்னார்கள்? அதை நோய்க்கே வைத்துக்கொள்வோம், ஊசிக்குக் கொடுக்க வேண்டாம். அந்த நோயில் ஒரு முடிச்சல்ல பிரச்சினை. மூளையும் முண்ணாணும் வலியைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. தோளிலோ கழுத்திலோ முடிச்சும் சேர்ந்திருந்தால் ஊசி அந்த இடத்துக்குக் கொஞ்ச நாள் ஆறுதல் தரலாம். யூலார் என்ற ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளில் வலுவான ஆதரவு கிடைத்தது உடற்பயிற்சி ஒன்றுக்குத்தான். பெயரிலேயே உளைவை வைத்தால், ஊசி போட்டால் உளைவு போய்விடும் என்று சனம் நடைப்பயிற்சியை விட்டுவிடும்.

தொகுப்பில் இடும்போது பெயர் "வெற்றூசிச் செருகல்", வினை "வெற்றூசி செருகு". முன்னதில் "ச்" மிகும், பின்னதில் மிகாது என்று நினைக்கிறேன். தமிழ் சேர்மார் யாராவது ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.