புலம்புவதற்கு ஒரு காப்பிக்கடை: ஜப்பானில் நாங்கள் சந்தித்தவர்கள்

சென்டாயில் ஆறு வருடம் இருந்தவன்:

ஜப்பானில் வேலை பார்த்தவர்களுக்கு மறக்க முடியாத மனிதர் என்று யாராவது ஒருவர் இருப்பார். அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டவன் நான், அதனால் நானே தொடங்குகிறேன்.

2012இல், சென்டாய் நகரம் இருக்கும் மியாகி மாநிலத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று வானொலி இசைக்குக் கைகால் அசைப்போம். அதற்கு ‘ராஜியோ தைசோ’ என்று பெயர். அப்புறம் காலைக் கூட்டம். அங்கே முதலில் சொல்லித் தரும் மந்திரம் ‘ஹோரென்சோ’: தெரிவி, தகவல் கொடு, கலந்து பேசு என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. பசலைக்கீரைக்கும் அதே பெயர்தான் என்பதால் மறக்கவே மறக்காது. எல்லாவற்றையும் தெரிவிக்கலாம், ஆனால் அலுப்பாக இருக்கிறது, பிடிக்கவில்லை என்று மட்டும் யாரும் தெரிவிக்க மாட்டார்கள். அதற்கென்று வெள்ளிக்கிழமை இரவுக் குடி இருக்கிறது. எனக்குக் குடிப் பழக்கம் இல்லை, ஆகவே எனக்கு அந்த வழியும் அடைப்பு.

என் மேற்பார்வையாளர் இஷினோமாகி ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். 2011 மார்ச் 11 சுனாமியில் அவருடைய அம்மா போய்விட்டார். நான் சேர்ந்து எட்டு மாதம் கழித்து, அதுவும் வேறு ஒருவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. தினமும் சாயங்காலம் ‘ஓட்ஸுகாரேசமா’, அதாவது களைத்திருப்பீர்கள் என்பார், போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். போனால், அவருடைய அப்பா இருக்கும் தற்காலிகக் குடியிருப்பு. நடுவில் உள்ள கூடத்தில் காப்பி மணம். பலகையில் ‘காஃபே த மொன்க்’ என்று எழுதியிருந்தது.

இதை நடத்தியவர் குரிஹாரா நகரில் உள்ள த்ஸுதாய்ஜி என்ற ஸென் பௌத்தக் கோயிலின் தலைமைப் பிக்கு தாயோ கானெதா. இறந்தவர்களுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் வந்தபோது சில பிக்குகளும் ஒரு கிறிஸ்தவப் போதகரும் ஓதிக்கொண்டே இடிபாடுகளுக்கு நடுவே மினாமிசான்ரிகு கடற்கரை வரை நடந்தார்கள். ஓதினால் மட்டும் போதாது என்று பட்டிருக்க வேண்டும். சிறு லாரியில் காப்பியும் கேக்கும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு குடியிருப்பாகப் போக ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் ‘மொன்க்’ என்றால் துறவி. ஜப்பானியத்தில் ‘மொன்கு’ என்றால் புலம்பல், குறை சொல்வது. வேறு எழுத்தில் எழுதினால் துயரப்பட்டுத் தவிப்பது என்றும் பொருள்படும். வந்து புலம்புங்கள், கேட்டுக்கொண்டு நாங்களும் கூடத் தவிக்கிறோம் என்பதுதான் அழைப்பு.

அந்த நேரத்தில் எங்கு பார்த்தாலும் ‘கன்பாரோ தோஹோகு’ என்ற பதாகைதான். விடாமல் முயல்வோம் என்று அர்த்தம், தோஹோகு என்பது சுனாமி அடித்த வடகிழக்குப் பகுதி. தொழிற்சாலைச் சுவரிலும் முகாம் வாசலிலும் அதே சொல். வீடும் ஆளும் போனவரிடம் இதற்கு மேல் என்ன முயலச் சொல்வது? அந்தக் கூடத்தில் மட்டும் அந்தப் பதாகை இல்லை. பாட்டிகள் களிமண்ணில் உள்ளங்கை அளவு ஜிஸோ பொம்மை செய்துகொண்டிருந்தார்கள். இறந்த குழந்தைகளைக் காப்பவர் என்று அங்கே நம்பப்படும் போதிசத்துவர் அவர்.

மேசைகளைப் போட்டுவிட்டுத் திரும்பினால், என் மேற்பார்வையாளர் ஒரு இளம் பிக்குவின் எதிரே உட்கார்ந்திருந்தார். பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. சுனாமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரவு ஷிப்ட், பழுதான அச்சு இயந்திரம், டோக்கியோவிலிருந்து வரும் மேலாளர்கள் என்று தொழிற்சாலையைப் பற்றியே புலம்பினார். என் பெயரும் இரண்டு முறை காதில் விழுந்தது. பிக்கு தலையாட்டிக்கொண்டே காப்பியை நிரப்பினார்.

திங்கள்கிழமை வழக்கம்போல் உடற்பயிற்சி. ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றார்.

நிஷிகசாய்வாசி:

அண்ணா, என் அனுபவம் இவ்வளவு அழகாக இருக்காது. அந்த மார்ச் 11 நிலநடுக்கத்தன்று டோக்கியோவில் ஓதேமாச்சி அலுவலகத்தில் இருந்தேன். பிற்பகல் 2:46. கட்டடம் கப்பல் போல ஆடியது. ரயில்கள் நின்றுவிட்டன. வீடு இருக்கும் நிஷிகசாய்வரை பத்து கிலோமீட்டருக்கு மேல், குதிகால் செருப்போடு நடந்தேன். கூட்டம் நடைபாதையை விட்டு இறங்காமல் வரிசையாகப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு டோஃபு கடைப் பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு, வெந்நீர்க் குடுவை வைத்து, கழிவறை இருக்கிறது என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். நான் உட்கார்ந்ததும் என் காலைப் பார்த்தார். உள்ளே போய் அவருடைய மனைவியின் பழைய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து வைத்தார். பேசவே இல்லை.

ஃபுகுஷிமா அணு உலைச் செய்தி வந்ததும் அம்மா போனில் அழுதார். கைக்குழந்தையோடு சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். அப்படிப் போன வெளிநாட்டவர்களுக்கு ‘ஃப்ளைஜின்’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள், வெளிநாட்டவரைக் குறிக்கும் ‘கைஜின்’ என்ற சொல்லோடு ஆங்கில ‘ஃப்ளை’யைச் சேர்த்து. மூன்று வாரம் கழித்துத் திரும்பினேன். என் மேலாளர் அத்தனை நாளும் இரண்டு மணி நேரம் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு அக்கா மட்டும், இனிப்புப் பெட்டி வாங்கி ஒவ்வொரு மேசையாகக் கொடுத்து, தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடு என்று காதோரம் சொன்னார். கொடுத்தேன். குழந்தையைக் காப்பாற்றப் போனதற்கு மன்னிப்பா என்று அப்போது கோபம் பொங்கியது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

ஊருக்குப் போனபோது மார்ச் குளிரில் என் பால்கனிச் செடிகளை உள்ளே எடுத்து வைத்து, அக்கம்பக்கத்தாருக்குச் சுற்றுக்கு வரும் அறிவிப்பு அட்டையில் எனக்குப் பதிலாகவும் முத்திரை குத்தியிருந்தார் பக்கத்து வீட்டம்மா. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ரப்பர் செருப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடை மூடியிருந்தது. இரண்டாம் முறையும் மூடியிருந்தது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஒசாகாவிலிருந்து:

புலம்பல் காப்பிக்கடை கதையைப் படித்துச் சிரித்தேன். எங்கள் அலுவலகத்தில் செத்தவர்களுக்குக்கூட விசிட்டிங் கார்டு கொடுப்பார்கள்!

கோயாசான் மலை தெரியும்தானே? கூகாய் என்ற துறவி 816இல் தொடங்கிய ஷிங்கோன் பௌத்தத் தலம். அவர் 835இல் இறந்தார் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், சமாதி நிலையில் உட்கார்ந்திருக்கிறார் என்பார்கள். தினமும் காலையில் இரண்டு வேளை அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறார்கள். அவர் இருக்கும் ஒகுனோயினுக்குப் போகும் பாதையில், தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு லட்சத்துக்கும் மேல் நினைவுக் கற்கள். பழைய பிரபுக்களோடு நிறுவனங்களுக்கும் கல்லறை உண்டு. மட்சுஷிதா மின்சாதன நிறுவனம், அதாவது இன்றைய பானசோனிக், 1938லேயே அமைத்துவிட்டது. ஒரு விமானத் தளவாட நிறுவனம் ராக்கெட் வடிவில் வைத்திருக்கிறது. ஒரு காப்பி நிறுவனத்தின் கல் கோப்பை வடிவம். தங்கள் தொழிலால் செத்த கரையான்களுக்காகப் பூச்சி ஒழிப்புக்காரர்கள் வைத்த கல்லும் உண்டு, நிம்மதியாக உறங்குங்கள் என்று!

எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வுபெறும் வருடம் என்னையும் கூட்டிப் போனார். நிறுவனக் கல்லறைக்கு முன்னால் ஒரு சின்னக் கல்பெட்டி. வந்து போனவர்கள் கார்டைப் போடுவதற்காம். அவர் இரண்டு கையாலும் தன் கார்டை எடுத்து, குனிந்து போட்டார். கடைசிக் கார்டு என்றார். முப்பத்தெட்டு வருட வேலை. நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

சென்னையிலிருந்து, ஜப்பானிய மொழி படிப்பவன்:

நான் போனதில்லை, ஒரு தகவல் மட்டும். 2011இல் நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 46 பேர் மியாகியில் ஒனாகவா என்ற ஊரில் தேடுதல் வேலை செய்தார்கள். அந்தப் படை வெளிநாட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

கனாசாவாவிலிருந்து:

2024 ஜனவரி 1, பண்டிகை நாள், மாலை 4:10. நோதோ தீபகற்ப நிலநடுக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கோடையில் தொண்டர் பேருந்தில் அங்குள்ள வாஜிமா நகருக்குப் போனேன். பதிவு செய்த நாளில்தான் வரலாம், பெயர்ப் பட்டையை மார்பில் ஒட்ட வேண்டும், மணி அடித்தால் ஓய்வு. தொழிற்சாலை ஷிப்ட் தோற்றது! முதலில் எரிச்சலாக இருந்தது. வெயிலில் தொண்டர்களே மயங்கி விழுந்தால் உள்ளூர்க்காரர்களுக்கு இன்னும் சுமைதானே என்று அப்புறம் புரிந்தது.

எங்களுக்குக் கொடுத்த வீட்டுப் பாட்டி குளிர்பெட்டியை எடுக்கச் சொல்லவில்லை. முதலில் புத்ஸுதானை எடுங்கள் என்றார். வீட்டுக்குள் வைக்கும் புத்தர் பூஜை அலமாரி. அந்தப் பக்கத்தில் ஆளுயரத்துக்குத் தங்கத் தகடு ஒட்டிச் செய்வார்கள். நான்கு பேர் தூக்கினோம். ‘மெதுவாக, உள்ளே என் மாமனார் இருக்கிறார்’ என்றார் பாட்டி. எங்களில் ஒரு பையன் பதறிப்போய் அலமாரியிடமே மன்னிப்புக் கேட்டான்.

திரும்பும் வழியில் மொன்ஸென் பகுதியில் சோஜிஜி ஸோயின் கோயில். 1321இல் நிறுவியது. 1898 தீ விபத்துக்கு அப்புறம் தலைமையிடம் யோகோஹாமாவின் த்ஸுருமிக்குப் போய்விட்டது, மூலக் கோயில் இங்கேயே நின்றது. 2007 நிலநடுக்கத்தில் சேதம். பதினான்கு வருடம் பழுதுபார்த்து, 700ஆவது ஆண்டான 2021இல் முடித்தார்கள். மூன்றே வருடத்தில் மறுபடி விழுந்தது. வாசலில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், இனி எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். போன தடவையும் இப்படித்தான் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் புல்லைப் பிடுங்கப் போய்விட்டார். செப்டம்பரில் அதே நோதோவில் வெள்ளமும் வந்தது.

சென்டாயில் ஆறு வருடம் இருந்தவன்:

நிஷிகசாய் தங்கச்சி, அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே.

என் மேற்பார்வையாளர் கதைக்கு ஒரு மிச்சம் இருக்கிறது. நான் ஊருக்குக் கிளம்பும்போது அவர் ஒரு தாருமா பொம்மை கொடுத்தார். நாம் காஞ்சி இளவரசர் என்று சொந்தம் கொண்டாடும் போதிதர்மர்தான் அங்கே தாருமா. மற்ற பல ஊர்களில் கண் இல்லாமல் விற்பார்கள். வேண்டிக்கொண்டு ஒரு கண், நிறைவேறினால் மறு கண் என்று நாமே வரைய வேண்டும். சென்டாயின் மத்ஸுகாவா தாருமா நீல நிறத்தில், இரண்டு கண்ணும் விழித்தபடியே வரும். அந்த ஊரை ஆண்ட தாதே மாசாமுனேவுக்கு ஒரு கண் இல்லை, அவருக்கு மரியாதையாக என்பார்கள்.

பிரிவு விருந்தில் அவர் இரண்டு கோப்பை உள்ளே போனதும் நானே கேட்டேன்: அன்றைக்குப் பிக்குவிடம் என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள்? வெகுநேரம் நெளிந்தார். அப்புறம் சொன்னார்: மதியம் நான் மைக்ரோவேவில் சுடவைக்கும் சாம்பார். பெருங்காய வாசனை சாயங்காலம் வரை அறையை விட்டுப் போகவில்லையாம்.

ஆறு வருடமும் என் பக்கத்து நாற்காலியில்தான் சாப்பிட்டார்.