நீர் வட்டம் மாதிரியில் மழை விழவில்லை. நாளைக்குக் கண்காட்சி, உதவி தேவை

கல்லடி அம்மா:
வணக்கம். மகள் தரம் 5. நாளைக்கு வகுப்பில் கண்காட்சி, நீர் வட்டம் செய்து காட்ட வேண்டும். பேசினில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கப் வைத்து, மூடி வெயிலில் வைத்தோம். கப்புக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. பிள்ளை காலையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்யலாம்? அவசரம்.

வாகரைத் தம்பி:
அக்கா, எதனால் மூடினீர்கள்? தண்ணீர் எவ்வளவு? மூடியின் அடிப்பக்கம் வியர்த்திருக்கிறதா, இல்லையா?

உப்புக்காற்று:
எங்கள் மட்டக்களப்புக் காற்றுதான் காரணம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது தண்ணீர் எப்படி ஆவியாகும்? மாரியில் உடுப்புக் காயாததும் இதனால்தான். ஏசி அறையில் வைத்துப் பாருங்கள்.

பழைய விஞ்ஞான சேர்:
ஏசி அறையில் வைக்க வேண்டாம். மூடிய பாத்திரத்துக்கும் வெளிக்காற்றின் ஈரத்துக்கும் என்ன தொடர்பு? உள்ளே இருக்கும் காற்று எப்படியும் நீராவியால் நிரம்பத்தான் போகிறது. அது ஒடுங்கி நீராக வேண்டுமானால் கீழே சூடும் மேலே குளிரும் வேண்டும், அவ்வளவுதான். முன்பும் இங்கே எழுதியிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. கேள்வி கேட்பவர்களும் மூடி எது, தண்ணீர் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லப் பழக வேண்டும்.

ஏறாவூர் ரியூஷன்:
ஊதுபத்திப் புகை கொஞ்சம் உள்ளே விட்டு மூடிப் பாருங்கள் அக்கா. வானத்திலும் தூசு, புகை, கடல் உப்புத் துணிக்கைகளில் படிந்துதான் முகில் உண்டாகிறது.

பழைய விஞ்ஞான சேர்:
அது முகிலுக்கு. இங்கே நீராவி படிவதற்கு மூடியே இருக்கிறது. போத்தலுக்குள் முகில் செய்வது வேறு பரிசோதனை, இரண்டையும் குழப்பாதீர்கள்.

கல்லடி அம்மா:
படச் சட்டத்துக் கண்ணாடியால் மூடினோம். தண்ணீர் பாதிப் பேசினுக்கு மேல். கண்ணாடி முழுக்க வியர்த்து, துளி துளியாகத் தொங்குகிறது. கப்பில்தான் விழவில்லை.

வாகரைத் தம்பி:
அப்படியென்றால் ஆவியாதலும் ஒடுங்கலும் நடந்துவிட்டன, மழைதான் பாக்கி. கண்ணாடி தட்டையாக இருப்பதால் துளிகள் ஓடிச் சேர இடமில்லை, படிந்த இடத்திலேயே தொங்குகின்றன.

கண்ணாடியை எடுத்துவிட்டு மெல்லிய, தெளிவான பொலித்தீன் தாளால் மூடுங்கள். விளிம்பைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுங்கள், ஆவி வெளியே போகக் கூடாது. ஆனால் மேலே தாள் கொஞ்சம் தளர்ந்து கிடக்கட்டும். கப்புக்கு நேர் மேலே ஒரு சின்னக் கல்லை வைத்தால் தாள் அந்த இடத்தில் குழியும், துளிகள் சரிவில் ஓடிவந்து அங்கே கூடி விழும். தாள் கப்பைத் தொடக் கூடாது. தண்ணீர் இரண்டு விரல் உயரம் போதும், நிறைய இருந்தால் சூடேற நேரமாகும். கப் மிதந்தால் அதற்குள் ஒரு கல்லைப் போடுங்கள்.

நாளைக்கு வெயில் இல்லாவிட்டால் சுடுநீர் ஊற்றி (நீங்களே ஊற்றுங்கள், பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம்), கல்லுக்குப் பதிலாக ஒரு பையில் ஐஸ் கட்டி வையுங்கள். கொஞ்ச நேரத்திலேயே சொட்டும்.

உப்புக்காற்று:
சரி, இதையும் செய்யுங்கள். தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்துவிடுங்கள். கப்பில் விழுவது உவர்க்காது. கடல் உப்பாக இருக்க மழை ஏன் நல்ல தண்ணீராக வருகிறது என்பது பிள்ளைக்கு உடனே விளங்கும். எங்கள் வாவித் தண்ணீரும் இப்படித்தான் மேலே போய் எங்களுக்கே மழையாக விழுகிறது.

அம்பாறை வயல்காரன்:
கடைசி வரியைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எங்கள் மாரி மழை வாடைக்காற்றோடு (வடகீழ்க் காற்று) வங்காள விரிகுடாவிலிருந்து வருவது. நீராவி சராசரியாக 8 முதல் 10 நாள் வானில் இருக்கும், அதற்குள் காற்று அதை எங்கேயோ கொண்டுபோய்விடும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது வாவி ஆவியாகாமலா இருக்கிறது? மழை எங்கே? அந்தக் காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் எங்களிடம் இறங்குகிறது.

உப்புக்காற்று:
அப்போ சித்திரையில் பின்னேரம் இடியோடு வருகிற மழை? அதற்கு எந்த வாடைக்காற்று?

அம்பாறை வயல்காரன்:
அது வெப்பத்தால் எழும் மழை. பகலில் நிலம் சூடேறி ஈரக் காற்றை மேலே தள்ளுகிறது. வாவி, குளம், வயல், காட்டு மரங்களின் ஆவியுயிர்ப்பு (இலைகள் விடும் நீராவி) எல்லாம் அதில் சேரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன்னிச்சைக் குளமும் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கமும் நிரம்புவது மாரியில்தான். பெரும்போகம் (மாரிக்கால நெல்) விதைக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள்.

பழைய விஞ்ஞான சேர்:
இரண்டு பேரும் நிலத்துக்குள் போகிற நீரை விட்டுவிட்டீர்கள். கல்லடியிலும் காத்தான்குடியிலும் கிணற்றில் வருவது மணலுக்குள் இறங்கிய மழைநீர். உவர்நீரின் மேல் மெல்லிய படையாக அது நிற்கிறது. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே வந்துவிடும். பேசினில் ஒரு பக்கம் மணலை மேடாகக் குவித்து, அதன்மேல் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். மழை வாவிக்கு மட்டும் போவதில்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும். முகிலையும் அம்புக்குறியையும் மட்டும் வரைந்து மனப்பாடம் செய்வதால்தான் கிணற்றுக்குப் பக்கத்தில் குப்பை கொட்டுகிறோம்.

கல்லடி அம்மா:
பொலித்தீன் போட்டாயிற்று, கப்பில் விழுகிறது! உப்பும் போட்டோம். மணலுக்கு மகள் இப்போதே வெளியே ஓடிவிட்டாள். எல்லோருக்கும் நன்றி.

வாகரைத் தம்பி:
நல்லது அக்கா. நாளைக்குத் தண்ணீரோடு பேசினைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஓட்டோவில் எல்லாம் சிந்திவிடும். அங்கே போய் ஊற்றிக் கட்டுங்கள். சுடுநீரையும் ஐஸையும் தனித்தனிப் பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள்.

செங்கலடி அப்பா:
எங்கள் மகனுக்கும் இதே வேலைதான், அடுத்த கிழமை. வெயிலுக்குப் பதிலாக மேசை விளக்கு வைத்தால் சரிவருமா?