மறுவிற்பனை வீட்டில் பழைய ஆட்களின் கிருமி எத்தனை நாள் இருக்கும்?

ஈசூன்_புதுவீடு:
போன சனிக்கிழமை நாலறை வீட்டுக்குக் குடி வந்தோம். பால் காய்ச்சி நாலு நாளாகியும் அத்தை டெட்டால் பக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. முன்பிருந்தவர்கள் இருபது வருஷம் இருந்தார்களாம், சமையலறைக் கதவில் கை படும் இடம் மட்டும் பெயிண்ட் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, அதைக் காட்டி “இதெல்லாம் அவங்க கிருமி, லேசில் போகாது” என்கிறார். நிஜமா?

கோப்பி_ஓ_கொசோங்:
இல்லை அக்கா, இதற்குள் அது உங்கள் கிருமியாகிவிட்டிருக்கும். அமெரிக்காவில் ஜாக் கில்பர்ட் என்ற நுண்ணுயிர் ஆய்வாளரின் குழு 7 குடும்பங்களின் கை, பாதம், மூக்கு, கூடவே கதவுக் குமிழ், சுவிட்ச், தரை, சமையல் மேடை என்று ஆறு வாரம் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துப் பார்த்தது, 2014இல் சயின்ஸ் இதழில் வந்தது. நடுவே 3 குடும்பம் வீடு மாறியது. புது வீட்டின் பாக்டீரியாக் கூட்டம் பழைய வீட்டில் இருந்த மாதிரியே சீக்கிரம் ஆகிவிட்டது, ஹோட்டல் அறையிலிருந்து போன ஒரு குடும்பத்துக்கு ஒரே நாளில்! தோல் செதில் ஓயாமல் உதிர்கிறது, தொட்ட இடமெல்லாம் கை எண்ணெய் ஒட்டுகிறது, போதாக்குறைக்கு நாம் வீட்டுக்குள் வெறுங்காலில்தான் நடக்கிறோம். தரை முதலில் உங்களுடையதாகும்.

லேப்_பையன்:
ஒரு சின்னத் திருத்தம். இதெல்லாம் டிஎன்ஏ கணக்கு, செத்த பாக்டீரியாவும் அதில் சேரும். தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகைகள் காய்ந்த கதவில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், ஆனால் பெருகிக் குடும்பம் நடத்தாது. ஈரமாகவே கிடக்கிற பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச்தான் பெருகும் இடம், அத்தை அதைக் கவனிக்கட்டும். அப்புறம், மாறிப் போன வீடுகளையும் சேர்த்துப் பத்தே வீடு, அதுவும் அமெரிக்காவில். நாள் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும் நம் வீடுகளுக்கு அந்த ‘ஒரே நாள்’ அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

வாடகை_அறை_வாசி:
அதே ஆய்வில் வீட்டில் ஒருவர் சில நாள் வெளியூர் போனாலே அவருடைய பங்கு மளமளவென்று குறைந்ததாம். என் அறைத்தோழன் தீபாவளிக்கு ஊருக்குப் போய் ரெண்டு வாரம் ஆகிறது, கிருமி போயிருக்கும், சாக்ஸ் நாற்றம்தான் போகவில்லை.

ஈசூன்_புதுவீடு:
எல்லாவற்றையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். “ஓ, அப்ப இது நம்ம அழுக்கா?” என்று கேட்டுவிட்டு மறுபடி பக்கெட்டோடு கிளம்பிவிட்டார்.